இரண்டாம் பதிப்புக்கான திருத்தங்கள்

பக்கம் மூன்று.
"நெடுங்கேணிச் சந்தியிலிருந்து முதற்பாறைக்கு
இருபது நிமிட நடை" என்பது பிழை.
கொழும்பிலிருந்து வந்த இரண்டு பெடியள்
பழைய செற்றிப் பஞ்சை முதுகில் கட்டிக்கொண்டு
மத்தியானம் மட்டும் முட்பற்றைக்குள் சுற்றினார்களாம்.
இருபது நிமிடம் யோகமலரின் நடை.
அந்த நிலத்தை அவள் ஏழு வருடம்
முழங்காலில் கடந்தவள்.
முகத்தில் கண்ணாடிக் கவசம், கையில் துருவுகோல்,
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு மண்.
அவளிடம் தூரம் கேட்டது என் மடத்தனம்.
"ஒன்றரை மணித்தியாலம்" என்று வாசிக்கவும்.
சிவப்புத் தடி எங்கேனும் மிஞ்சி நின்றால்
வந்த காலடியிலேயே திரும்பவும்.
மெத்தை கிடக்கட்டும்.

பக்கம் ஐந்து.
நாங்கள் "திமிங்கிலம்" என்று பெயர் வைத்த பாறைக்குப்
பெயர் ஏற்கெனவே இருந்தது.
மாடு தேடி வந்த தவராசா சிரித்தார்:
"இஞ்ச ஆர் கண்டது திமிங்கிலம்?
இது பட்டிக்கல்லு."
பட்டி எங்கே என்று கேட்டேன்.
மாடு இருந்த காலத்தில் இருந்தது என்றார்.

அதே பக்கம். கடினம்: நாலு என்று போட்டிருக்கிறோம்.
நான் மூன்று ஞாயிறு விழுந்து, சோக்குத் தூளில் கை வெளுத்து,
நாலாம் ஞாயிறு ஏறிய பாதை அது.
தவராசாவின் மகன் விதூசன்
சறத்தை மடித்துக் கட்டி, செருப்பை வாயில் கவ்விக்கொண்டு
உச்சியில் நின்று கன்றைக் கூப்பிட்டதை
யோகமலரும் பார்த்தாள்.
ஆகவே: கன்று தொலைந்தால் இரண்டு.
தொலையாவிட்டால் நாலு.

பக்கம் எட்டு. படம் தலைகீழ்.

பக்கம் ஒன்பது. "ஆனி மாதம் அமைதியானது,
சனநடமாட்டம் இல்லை" என்று எழுதினேன்.
சனம் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது.
பாலைப்பழம் பழுத்து விழுகிற மாதம்.
அப்போது அந்தக் காடு கரடிக்குச் சொந்தம்.

பக்கம் பத்து, தெற்கு முகம்.
"இயற்கை அரித்த ஆறு குழிகள்,
நடுவிரல் ஒரு கணு வரை போகும், உறுதியான பிடி."
யோகமலர் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.
முதற்குழி. பிறகு மூன்றாவது.
பிறகு திரும்பி,
எதிரே நிற்கிற வீரை மரத்தைப் பார்த்தாள்.
"அரிச்சதில்லை" என்றாள். "அங்கயிருந்து."
அவள் எந்தப் பக்கம் நின்றவள் என்று
நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.
"இயற்கை அரித்த" என்ற சொற்களை நீக்கவும்.
பிடி உறுதிதான்.
அந்த வரி இருக்கட்டும்.

வரைபடம், நடுத்தாள்.
வடகிழக்கு மூலையில் ஏன் ஒன்றுமில்லை என்று
வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.
அங்கே ஒரு பாறை இருக்கிறது.
இந்தப் புத்தகத்தின் எல்லாப் பாறையிலும் அழகானது.
காட்டுக்குள் இறங்குகிறவர்கள்
ஒரு குழை முறித்து அதன் காலடியில் போட்டுவிட்டுப் போவார்கள்.
காய்ந்த குழைக்கு மேல் பச்சைக் குழை,
அதன் மேல் இன்று காலையில் யாரோ போட்டது.
இதற்கு முன் இந்தப் பக்கத்தில்
வரைபடத்தில் ஏறிய கல்லொன்றிடம்
முதலில் வந்தவர் பாறை ஏறுகிறவர் அல்ல.
அளவுநாடாக்காரர். அவருக்குப் பின்னால்
சீமெந்துத் தூண் ஏற்றிய லொறி.
அதனால்தான் வெறுமையாய் விட்டோம்.
வெறுமையும் ஒரு குறிதான் என்று
அந்தக் கேள்வி வந்த பிறகே விளங்கியது.
இம்முறை படத்தின் ஓரத்தை
இரண்டு விரற்கடை உள்ளே வெட்டியிருக்கிறோம்.
இனி அந்த மூலையே இல்லை.

போட்டோக்கொப்பிக் கடையின் வாங்கில் இருந்து
யோகமலர் அச்சுப்பிழை பார்க்கிறாள்.
பென்சிலைச் சாய்வாகப் பிடித்து
ஒவ்வொரு சொல்லாய், அவசரமில்லாமல்,
மெல்லக் குத்திக் குத்தி முன்னேறுகிறாள்.
மூன்றாம் பக்கத்தில் நிறுத்துகிறாள்.
"ஒண்டரை மணித்தியாலமோ?
இவ்வளவு நேரம் என்ன செய்வினம் வழியில?"

விலை பழையதே.